கிரேன்காரர் அளந்த கோழிக்கூடு

தோப்பூரிலிருந்து மூதூர் இறங்குதுறைக்குப் போகும் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். இடப்பக்கம் அறுவடை முடிந்த வயல். வலப்பக்கமும் அதுதான். தோளில் ஒரு சாரமும் ஒரு சேட்டும் சுற்றிய பொட்டலம். கையில் வெறும் கோழிக்கூடை.

கூடையை ஏன் கொண்டுவந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கோழி வியாபாரி சுலைமான் காக்காவின் வாசலில் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். நாலு மாதம் அவருக்குக் கோழி சுமந்தேன். அவர் தோப்பூரிலும் கட்டைபறிச்சானிலும் வீடு வீடாகப் போய்க் கோழி வாங்குவார். நான் அவற்றைக் கூடையில் அடைத்து, மூதூரில் லோஞ்சில் ஏற்றி, குடாவைக் கடந்து, திருகோணமலைச் சந்தையில் கொடுத்துவிட்டு வருவேன். ஒரு கூடைக்குப் பன்னிரண்டு கோழி.

முந்தின நாள் குடாவில் அலை கொஞ்சம் அதிகம். தண்ணீர் தெறிக்கிறதே என்று கூடையைத் தார்பூசிய படங்குத் துணியால் மூடி இறுக்கிக் கட்டினேன். மறுகரையில் அவிழ்த்தபோது பன்னிரண்டில் ஒன்பது செத்துக் கிடந்தன. மிச்ச மூன்றும் சொண்டைத் திறந்தபடி என்னைப் பார்த்தன.

தோப்பூருக்குத் திரும்பி வந்து சொன்னபோது காக்கா ஏசவில்லை. "உனக்கும் தெரியாது, கோழிக்கும் சொல்லத் தெரியாது. என்ன செய்யிற?" என்றார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

ஏசியிருந்தால் நின்றிருப்பேன். அந்த 'சாப்பிட்டியா'வைத்தான் தாங்க முடியவில்லை. விடிந்ததும் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

வெறுங்கூடைக்காரன்

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. திருகோணமலையில் இறங்கியபோது கடைத்தெருவில் வரிசை கோயில் மதில் வரைக்கும் நீண்டிருந்தது. வரிசைக்குப் பக்கத்தில் இரண்டு மான்கள் நின்று யாரோ போட்ட வாழைத்தோலைத் தின்றுகொண்டிருந்தன. எனக்கு வரிசையில் நிற்கவும் வழியில்லை. கூப்பன் புத்தகம் என்று ஒன்று வேண்டுமென்றால் விலாசம் என்று ஒன்று வேண்டும்.

கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீடு. ஓட்டுக் கூரை, சின்ன வளவு, ஒரு வேம்பு. வளவுக்குள் ஒரு பெண் கையில் கயிற்றோடு நின்று, இறங்க மறுத்த ஒரு முளையைக் கல்லால் குத்தித் திட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை.

"தம்பி, கூடையிலை கோழி இருக்கோ?"

"இல்லை அக்கா. வெறுங்கூடை."

"வெறுங்கூடையை ஏன் இவ்வளவு கவனமாக் காவுறீர்?"

கூடையை மறு கைக்கு மாற்றினேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள். குறி சொல்பவளாக்கும் என்று நினைத்தேன்.

"கோழிக்கூடு கட்டத் தெரியுமோ?"

"தெரியும்."

"எத்தினை கட்டியிருக்கிறீர்?"

"கனக்க."

"ஓம், பார்க்கவே தெரியுது" என்றாள். "சாப்பாடு தருவன். படுக்க இடம் தருவன். அடுத்த சனிக்கிழமை ரயிலிலை பத்துக் கோழி வருது. அதுக்கு முதல் முடியோணும்."

இதையெல்லாம் அவள் ஏலம் கூறுகிற மாதிரி உரத்துச் சொன்னாள். காது மந்தமாக இருக்கும் என்று நானும் உரத்தே பதில் சொன்னேன். சாப்பாட்டுக்குக் குசினிக்குள் போனபோதுதான் அவளுடைய உண்மையான குரல் தெரிந்தது. மிகவும் தணிந்த குரல்.

சுவரைப் பார்த்துப் படுத்தவர்

அவள் பெயர் பிலோமினா. கணவர் சூசை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு மாரி நாளில் கிரேன் ஏணியில் கால் வழுக்கி விழுந்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறி எட்டு மாதம். ஊன்றுகோல் இரண்டும் சுவரில் சாத்தியபடி இருந்தன. அவர் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"சாப்பிடுவார். கேட்டால் ஓம், இல்லை எண்டு சொல்லுவார். அவ்வளவுதான்" என்றாள் பிலோமினா அக்கா. சோற்றின் மேல் கீரையைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "வேலைக்கு நான் போறன். ஆசுபத்திரியிலை உடுப்புத் தோய்க்கிறன். வீட்டிலை இவர் தனிய. கோழி எண்டால் பசிச்சால் கத்தும். கத்தினால் ஆராவது எழும்பத்தானே வேணும்?"

அவளுடைய தம்பி குருநாகல் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்தான். முட்டையிடத் தொடங்கும் வயதில் பத்து இளம் பேடுகள் அனுப்புவதாக எழுதியிருந்தான். அந்த மாதத்தோடு அவன் அந்த வேலையை விடுகிறான். ஆகவே கோழி வருவது இந்த ஒரு தரம்தான்.

"இது செத்துப்போனால் நான் வேறை என்னத்தைக் கொண்டுவந்து அவருக்கு முன்னாலை விடுறது?" என்றாள்.

ஒன்பது கோழியின் கதையைச் சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்தேன். ஆனால் சோறு நல்ல ருசி. சொல்லவில்லை.

என் கணக்கு

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதுவும் முழுதாக இல்லை. பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழோடு நின்றுவிட்டேன். பிறகு படித்ததெல்லாம் சுமந்து படித்தது. ஒரு மூட்டை உப்பு எவ்வளவு இடம் பிடிக்கும், ஒரு மாட்டு வண்டிக்கு எத்தனை கட்டு வைக்கோல், லோஞ்சின் கூரையில் எத்தனை பேர் படுக்கலாம் என்றால் யோசிக்காமல் சொல்வேன்.

நான் அதுவரை படுத்த இடங்களும் அப்படித்தான். கடை வாசல் வாங்குப் பலகையின் அடி, வண்டியின் அச்சுக்கும் மூட்டைக்கும் நடுவே, சல்லி என்கிற மீனவ ஊரின் கடற்கரையில் கவிழ்த்த தோணிக்குக் கீழே. எங்கும் முழங்காலை மடித்துத்தான் படுக்கலாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மடித்துப் படுத்தால் பனி குறையும்.

ஆகவே கோழிக்கூட்டுக்கும் எனக்குத் தெரிந்த கணக்கையே போட்டேன். என் கூடை குறுக்கே இரண்டரை அடி. அதில் பன்னிரண்டு கோழி போகும். இங்கே பத்துத்தான். நான்கு அடிக்கு மூன்று அடி கொடுத்தால் தாராளம். அந்தத் தாராளத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

இடம் என்று பார்த்தால், எல்லாரும் கோழிக்கூடு வைக்கிற இடம்தான். குசினிக்குப் பின்னால், மதில் மூலையில், வீட்டாருக்கு மணம் வராத இடத்தில். மண்ணில் தடியால் கீறிக் காட்டினேன்.

பக்கத்து வளவின் வேலிக்கு மேலாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஆயிஷா ராத்தா. அவளிடம் ஏழெட்டு ஊர்க்கோழி நின்றன.

"என்ன புள்ள இது, கோழிக்கா, கோழிட முட்டைக்கா?" என்று கேட்டாள்.

"கோழிக்குத்தான்" என்றேன்.

"அப்ப கோழி நிண்டுகிட்டே உறங்குமா? கீரிக்கு நல்ல வசதி. ஒண்ட இழுத்தா பத்தும் வரும். போன மாசம் என்ட ரெண்டு கோழியக் கொண்டு போயிட்டு."

எனக்குக் கீரி மட்டும் மனதில் நின்றது. சரி, ஒரு விரல் நுழையும் இடைவெளிகூட விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பிலோமினா அக்கா அந்தக் கீறலைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, கேக்குதோ? பத்துக் கோழிக்கு நாலடி, மூண்டடியாம். நாலு பக்கமும் தகரமாம். கூரையும் தகரமாம். தம்பி கெட்டிக்காரன்!"

சன்னலிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

சவப்பெட்டி

தகரத்துக்கும் பலகைக்கும் பஞ்சமில்லை. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன பிறகு, அந்த ஒழுங்கையில் சாம்பல் நிறப் பூச்சடித்த ஏதாவது ஒன்று இல்லாத வளவே கிடையாது. ஆடு கட்டுகிற முளைகூட இரும்பாக இருக்கும். அக்காவின் வேலியோரம் தகரமும் தடித்த கம்பி வலையும் குவிந்து கிடந்தன.

இரண்டு நாள் அடித்தேன். ஆணியில் பாதி வளைந்தது, பாதி என் விரலில் இறங்கியது. அக்கா வேலையால் வந்ததும் பார்ப்பாள். "நல்ல வடிவு" என்பாள். சன்னல் பக்கம் திரும்பி, "காத்துப் போக ஒரு ஓட்டைகூட இல்லை, அவ்வளவு இறுக்கம்" என்பாள். நான் மேலும் இறுக்கினேன்.

மூன்றாம் நாள் ஞாயிறு. அக்கா பூசைக்குப் போய்விட்டு வந்து குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று நெருப்புப் போல வீசியது. நான் கூரைத் தகரத்தில் கடைசி ஆணிகளை அடித்துக்கொண்டிருந்தேன். தொட்டால் கை சுடும். ஒவ்வோர் அடிக்கும் தகரம் வளவு முழுவதும் அதிர்ந்தது.

"ஆரடா அது, கோழிக்குச் சவப்பெட்டி அடிக்கிறது?"

குரல் சன்னலிலிருந்து வந்தது. பாவிக்காமல் கிடந்த குரல், கரகரவென்று.

நான் சுத்தியலோடு நின்றேன். குசினியில் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது. அக்கா வெளியே வரவில்லை.

"உம்மைத்தான். அந்தத் தகரத்திலை கையை வைச்சுப் பாரும். வைச்சீரோ? சுடுதோ? அதுக்குள்ளை பத்துச் சீவனை விட்டுப் பூட்டினால் மத்தியானத்துக்கு என்ன நடக்கும்?"

என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு நாளைக்கு முன்பு கண்ணால் பார்த்தவன். அப்படியிருந்தும் கீரியை நினைத்து நினைத்து, அதே படங்கைத் தகரத்தில் கட்டி வைத்திருக்கிறேன். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சன்னலடிக்குப் போய் ஒன்பது கோழியின் கதையைச் சொல்லிவிட்டேன். இரண்டு வசனம்தான் வந்தது.

சூசை அண்ணன் சன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப உமக்குக் கூடு கட்டத் தெரியாது."

"தெரியாது அண்ணை."

"கதிரையைத் தூக்கி வெளியிலை வையும். சுவரிலை சாத்தியிருக்கிற அந்த ஊன்றுகோலுகளையும் எடும்."

செட்டை விரித்தால் எவ்வளவு

சூசை அண்ணன் ஊன்றுகோலில் வெளியே வந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேம்பின் கீழ்க் கதிரையில் இருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் என் பெட்டியைப் பார்த்த கண் வேலைக்காரரின் கண்.

"கிரேனிலை ஒரு பெட்டியைத் தூக்கேக்குள்ளை, பெட்டி எவ்வளவு பெரிசு எண்டு மட்டும் பார்க்கிறவன் ஆளைக் கொல்லுவான். பெட்டி காத்துக்குச் சுத்தும். சுத்தினால் எவ்வளவு இடம் எடுக்கும் எண்டு பார்க்கோணும். விளங்குதோ? உம்மடை கணக்கு, கோழி அசையாமல் கிடந்தால் எவ்வளவு எண்ட கணக்கு. அது பயணக் கணக்கு. இது குடியிருக்கிற கோழி."

வேலிப் பக்கம் திரும்பி, "ராத்தா, ஒரு கோழி தாங்கோ, அளந்துபோட்டுத் தாறன்" என்றார்.

ஆயிஷா ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவரை வெளியில் பார்க்கிறாள். "அல்லாவே" என்று மட்டும் சொன்னாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அளக்கிறதா, அறுக்கிறதா?" என்று கேட்டபடி ஒரு சிவப்புப் பேட்டுக்கோழியைத் தூக்கித் தந்தாள்.

அடுப்புச் சாம்பலால் மண்ணில் கட்டம் போட்டோம். என் கணக்குப்படி ஒரு கோழிக்கு வரும் இடத்தை முதலில் போட்டேன். பேட்டை அதற்குள் விட்டு, சுற்றிவரக் கூடையும் பலகையும் வைத்து மறித்தோம். கோழி ஒரு தரம் திரும்பியது. வால் ஒரு பக்கமும் சொண்டு மறு பக்கமும் கோட்டைத் தாண்டின.

"அது கொட்டாவி விடவே உம்மடை இடம் காணாது" என்றார் அண்ணன்.

மறிப்பை அகற்றினோம். கோழி செட்டை இரண்டையும் விரித்து உதறியது. அண்ணன் ஊன்றுகோலின் நுனியால் அந்த நுனியிலும் இந்த நுனியிலும் குறி போட்டார். இரண்டு அடிக்கு மேலே. பிறகு அது மண்ணைக் கிளறி, பள்ளம் தோண்டி, பக்கவாட்டில் படுத்து மண்குளித்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு மாதம் கோழி சுமந்தவன் நான். ஒரு கோழி என்னவெல்லாம் செய்யும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயந்தரத்துக்குள் கணக்கு முடிந்தது. உறங்குகிற கூட்டுக்குள் ஒரு கோழிக்கு இரண்டு அடிக்கு இரண்டு அடி. பத்துக்கும் சேர்த்து எட்டடி நீளம், ஐந்தடி அகலம். வெளியே ஓடித் திரிய அதைப்போல இரண்டரை மடங்கு. இருந்து உறங்கும் கம்பில் கோழிக்கு ஒரு சாணுக்கு மேலே கொஞ்சம். முட்டைப் பெட்டி மூன்று, கம்பைவிடத் தாழ்வாக. பெட்டி உயர்ந்திருந்தால் கோழி அதற்குள் படுத்து எச்சமிடுமாம். கூரைக்குத் தென்னோலைக் கிடுகு. சுவரின் மேற்பாதி முழுவதும் கம்பி வலை, சூடு வெளியே போக. மாரியில் வாடை மழை அடிக்கிற பக்கத்துக்கு மட்டும், வேண்டும்போது இறக்குகிற கிடுகுத் தட்டி.

"இவ்வளவுக்கும் மூலையிலை இடம் வராதே" என்றேன்.

"ஆர் மூலையிலை வைக்கச் சொன்னது? சன்னலடியிலை வையும். வேம்பு நிழல் இருக்கு."

அப்போதுதான் அக்கா குசினி வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. தேங்காய்த் துருவல் கையோடு நின்று சண்டை பிடித்தாள்.

"சன்னலடியிலையோ? வீடெல்லாம் நாறும்!"

"எட்டு மாசம் நான் நாறினனான். அதைச் சகிச்சனீ. கோழியைச் சகிக்க ஏலாதோ?"

அக்கா திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

சல்லி வலை

சவப்பெட்டியைப் பிரிக்க ஒரு நாள் போனது. அடித்ததைவிடப் பிடுங்குவது கடினம். வளைந்த ஆணியெல்லாம் கல்லில் வைத்து நிமிர்த்தினோம்.

கீரிக்காகக் கம்பி வலையை ஓர் அடி மண்ணுக்குள் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தோம். கீரி கம்பியோரமாகத்தான் தோண்டும், பின்னுக்குப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது என்றார் அண்ணன். ஓடித் திரியும் இடத்துக்கு மேலே மட்டும் மூட ஒன்றும் இல்லை. பருந்தும் காகமும் வரும்.

அதற்கு எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அந்த வேலையில் நானாகச் சொன்ன ஒரே ஒரு விஷயம் அதுதான். சில வருடங்களுக்கு முன் சல்லியில் கருவாட்டுக்குக் காவல் இருந்தேன். அங்கே காயப்போட்ட மீனுக்கு மேலே பழைய வலையைக் கம்பில் விரித்துவிடுவார்கள். காகம் ஒரு தரம் காலைக் கொடுத்தால் மறு தரம் வராது.

சல்லிக்கு நடந்து போனேன். அம்மன் கோயிலடியில் முன்பு என்னை வேலைக்கு வைத்திருந்த வீட்டுக்காரர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். "சொல்லாமல் ஓடினவன் வலை கேட்டு வாறான், பார்" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கிழிந்த வலை ஒன்றைச் சுருட்டி, சைக்கிளின் பின்னால் கட்டி, தானே கொண்டுவந்து விட்டுப் போனார். நான் விட்டு ஓடிய இடங்களில் இப்படி நடந்தது இது முதல் தரமல்ல. எழுதத் தொடங்கிய பிறகுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

இரண்டாம் தரம் கட்டி முடித்த அன்று இன்னொரு பிழை தெரிந்தது. கதவு இரண்டடி. முட்டை எடுக்க எப்படியிருக்கும் என்று பார்க்க உள்ளே போன அண்ணன் இரண்டு ஊன்றுகோலோடும் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்.

நான் பதறிப்போனேன். அவர் உள்ளே நின்றபடி சிரித்தார். "கோழி சுத்துறதை அளந்தம். நான் சுத்துறதை அளக்க மறந்துபோனம்" என்றார். மூன்றாம் தரம் கதவை மூன்றரை அடியாக்கினோம். முட்டைப் பெட்டிகளுக்கு வெளிப்பக்கமாக மூடி வைத்து, கதிரையில் இருந்தபடியே கை எட்டும் உயரத்தில் பொருத்தினோம். அவர் கதிரையில் இருந்து கையை நீட்டிக் காட்ட, நான் அந்த உயரத்தில் கரியால் கோடு போட்டேன்.

அன்று மத்தியானம் குசினிச் சாய்ப்பில் சற்றுக் கண்ணயர்ந்திருந்தேன். ஊன்றுகோல் ஒன்று காலைத் தட்டியது.

"ஏன் கூடைக்குள்ளை கிடக்கிற மாதிரிக் கிடக்கிறீர்? இடம் இருக்குத்தானே, காலை நீட்டும்."

நீட்டினேன். கால் எங்கேயும் முட்டவில்லை. நித்திரை வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. பழக்கமில்லை.

பத்தும்

சனிக்கிழமை காலை நானும் அக்காவும் ஸ்டேஷனுக்குப் போனோம். தம்பி நல்லவன், ஐந்து ஐந்தாக இரண்டு கூடையில் அனுப்பியிருந்தான். வெள்ளைப் பேடுகள். எண்ணினேன், பத்து. ஆனால் ஒன்று தலையைத் தொங்கப்போட்டுக் கண் மூடிக் கிடந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். இரண்டு கூடையையும் மூடாமல், தெருவின் நிழல் பக்கமாகவே நடந்து கொண்டுவந்தேன். வழியில் இரண்டு தரம் இறக்கிப் பார்த்தேன். மூச்சு இருந்தது.

சூசை அண்ணன் சவரம் செய்து, சேட்டுப் போட்டு, வேம்படியில் கதிரையில் காத்திருந்தார். ஒன்பதும் கூட்டுக்குள் இறங்கியதும் செட்டையை உதறின. பத்தாவதை அவர் மடியில் வாங்கினார். விரலைத் தண்ணீரில் நனைத்துச் சொண்டின் ஓரத்தில் வைத்தார். ஒரு சொட்டு. பொறுத்து இன்னொரு சொட்டு. மத்தியானச் சோறு வேண்டாம் என்றார். அக்கா வற்புறுத்தவில்லை. நான் கூட்டைச் சுற்றி வேலை இருக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்த நேரம் அது கண்ணைத் திறந்தது. கொஞ்சம் கழித்து அவருடைய சாரத்தில் எச்சமிட்டது. பிறகு எழுந்து, மடியில் நின்று, உடம்பை ஒரு தரம் உதறியது.

"பத்தும்" என்றார் அண்ணன். அக்காவைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையாட்டினாள். "இனி நீ யோசிக்காமல் வேலைக்குப் போ. தீனையும் தண்ணியையும் நான் பார்க்கிறன்."

தேத்தண்ணி தரும்போது அக்கா என்னிடம் தணிந்த குரலில் பேசினாள்.

"உமக்குத் தெரியாது எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். கூடு கட்டுறவன்ரை விரலிலை சுத்தியல் காயம் இருக்கும். உம்மடை கையிலை கயிறு அறுத்த காயம்தான் இருந்தது."

"பிறகு ஏன் அக்கா என்னைப் பிடிச்சனீங்கள்?"

"நாலு மாசத்துக்கு முதல் கதவு பழுதாப் போச்சு. நல்ல ஆசாரி ஒருத்தர் வந்து வடிவாச் செய்து குடுத்திட்டுப் போனார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கேல்லை. துறைமுகத்திலையும் அப்பிடித்தான். சரியா நடக்கிற வேலையிலை வாய் திறக்க மாட்டார். பிழையா ஒருத்தன் செய்தால் அவருக்குப் படுத்திருக்க ஏலாது." கோப்பையை என் கையில் வைத்தாள். "எனக்கு உம்மைப் போல ஒருத்தர்தான் தேவைப்பட்டது தம்பி."

என்னைப் பற்றி அதுவரை பலர் பலது சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாத ஒன்றுக்காக ஒருவர் நன்றி சொன்னது அன்று மட்டும்தான். அந்தத் தேத்தண்ணியில் சீனி இருந்தது. சீனி கிடைக்காத காலம். எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

கூடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டேன். அக்கா அதில் மிளகாய் காயப்போட்டாள். பல வருடம் கழித்து சுலைமான் காக்காவை மூதூரில் கண்டபோது, "ஒம்பது கோழிய நான் மறந்திட்டன். என்ட கூடை எங்க?" என்று கேட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை

ஞாயிறு, கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் பொட்டலத்தைக் கட்டி வைத்திருந்தேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. வேலிக்கு மேலாக ஆயிஷா ராத்தாவின் தலை தெரிந்தது.

"தம்பி, அடுத்த ஒழுங்கைல என்ட தங்கச்சிட வளவு. ஆறு கோழி, அவட மாமிக்கு முதுகு வளையாது. கூடு கட்டத் தெரியுமா?"

"ஒண்டு கட்டினனான் ராத்தா. மூண்டு தரம்."

"அது நானும் பாத்ததானே. வா."

சூசை அண்ணன் கதிரையிலிருந்து, கூட்டுக்குக் குழி தோண்டிய அலவாங்கை நீட்டினார். "கொண்டு போம். பின்னேரம் கொண்டு வாரும்" என்றார். பின்னேரம் கொண்டு வாரும் என்றால் பின்னேரம் திரும்பி வர வேண்டும். பொட்டலத்தை உள்ளே வைத்துவிட்டு அலவாங்கைத் தோளில் போட்டேன்.

அந்த வளவில் மாமி வாசலில் வந்து நின்றார். தங்கச்சி மதில் மூலையைக் காட்டி, இந்த இடம்தான் என்றாள். நான் மூலையைப் பார்க்கவில்லை. மாமியைக் குனியாமல் கையை நீட்டச் சொல்லி, அந்த உயரத்தில் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டேன்.

பிறகு ஒரு கோழியைப் பிடித்துத் தரச் சொன்னேன். மண்ணில் விட்டேன். அலவாங்கைப் பக்கத்தில் வைத்துக் குந்திக்கொண்டு, அது செட்டையை விரிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.